முள் குத்தினால், மீன் மீனைக் கடித்தால்: கடல்நீர் தொட்டிக்காரர்களுக்கு அறிகுறி வாரியாக

வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் கடல்நீர் மீன் தொட்டி பராமரித்துக் கொடுப்பது என் வேலை. ராத்திரி வரும் அவசர அழைப்புகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "அண்ணா, லயன் முள் ஏறிடுச்சு" (லயன் என்றால் லயன்ஃபிஷ், விஷமுள் உள்ள கடல் மீன்). இன்னொன்று, "புதுசா விட்ட மீனைப் பழசு அடிச்சே கொன்னுடும் போல". போனில் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதால் இப்போது எழுதி வைக்கிறேன். உங்கள் தொட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். முள் குத்தியிருந்தால் முதல் தலைப்பை மட்டும் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

## முள் குத்திவிட்டது, கை கடுக்கிறது

கையை வெளியே எடுங்கள், வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். தனியாக இருந்தால் யாருக்காவது போன் போட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் வலி ஏறும் வேகத்தில் தலை சுற்றி விழுவதும் உண்டு. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீங்கும் முன்னே கழற்றிவிடுங்கள்.

மூச்சு விடச் சிரமம், நெஞ்சு இறுக்கம், மயக்கம், முகமோ உதடோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, இதில் எது இருந்தாலும் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். குத்தியது கல் மீன் (ஸ்டோன்ஃபிஷ்) என்றாலும், முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தாலும் அப்படியே.

இவை எதுவும் இல்லையென்றால் செய்ய வேண்டியது இதுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள் துண்டு இருந்தால் ட்வீசரால் எடுங்கள், உள்ளே நோண்ட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு வாளியில் 43 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்நீர் கலந்து, குத்திய இடம் முழுக்க மூழ்கும்படி 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். லயன், ஃபாக்ஸ்ஃபேஸ், கெளுத்தி, திருக்கை எல்லாவற்றின் விஷமும் சூட்டுக்குத் தாங்காத புரதம், அதனால் எந்த மீன் குத்தியது என்று தெரியாவிட்டாலும் இதே வைத்தியம்தான். சூட்டை அளக்கத் தொட்டிக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அது இல்லையென்றால் குத்தாத கையை விட்டுப் பாருங்கள், அல்லது இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குத்திய கைக்கு வலியில் சூடு உறைக்காது, கொப்பளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். தண்ணீர் ஆறினால் முதலில் கையை வெளியே எடுத்துவிட்டு, பிறகு வெந்நீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி அளந்துவிட்டுக் கையை விடுங்கள்.

ஒரு உணவகத்தில் கண்ணாடிப் பாசியைத் துடைக்கப் போன பையனுக்கு ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. பாறை விளிம்புக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த லயனை அவன் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது விரல் நுனி வெளுத்து, குத்திய புள்ளியைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். யாரோ ஐஸைத் துண்டில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அதை வாங்கி வைத்துவிட்டு, சமையலறையில் இருந்த சாம்பார் வாளியில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, தெர்மாமீட்டர் 44 காட்டியதும் விரலை விடச் சொன்னேன். கால் மணி நேரத்தில் அவன் தோள் தளர்ந்தது. "இப்ப பரவால்லண்ணா" என்று கையை எடுத்தான். இரண்டு நிமிடத்தில் கடுப்பு மறுபடி ஏற, அவனே வாளிக்குத் திரும்பினான். இப்படி எடுத்ததும் வலி திரும்புவது சகஜம், பயப்பட வேண்டாம், மறுபடி வையுங்கள்.

செய்யக் கூடாதவை: மேலே கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது. பாம்புக்கடி ஊசி போடச் சொல்லி டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். இங்கே கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் எதிராகத் தயாரிப்பது, மீன் விஷத்துக்கு அதனால் பயனில்லை.

### வலி இறங்குகிறது

பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். கையை உயர்த்தி வையுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தால் அன்றைக்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். புண்ணை இறுக மூடிக் கட்ட வேண்டாம்.

### ஒன்றரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை

மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம், எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறிய முள்ளுக்கும், ஆழமாக ஏறியதற்கும், வலி குறைந்தாலும் போங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் சின்னக் குத்துக்கும் காத்திருக்கக் கூடாது, கடல்நீர்க் கிருமிகள் அவர்கள் உடம்பில் வெகு வேகமாகப் பரவும். டாக்டரிடம் "கடல் தண்ணீரில் பட்ட காயம்" என்று சொல்ல மறக்காதீர்கள், கொடுக்கும் ஆன்டிபயாடிக் அதைப் பொறுத்து மாறும்.

### வலி போய்விட்டது, சில வாரம் கழித்து விரலில் கட்டி

தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது தெரியாது. குத்திய இடத்திலோ பழைய கீறலிலோ இரண்டு மூன்று வாரம் கழித்து வலியில்லாத சிவந்த முடிச்சு வந்து, ஆறாமல் கையில் மேல்நோக்கி வரிசையாக ஏறினால், தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியாக இருக்கலாம். சாதாரண ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். தோல் டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமே "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்பதாக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் பல மாதம் வெறும் களிம்பு தடவிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

## கை எரிகிறது, ஆனால் தொட்டியில் லயன் இல்லை

முதலில், உங்களிடம் விஷமுள் மீன் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். லயனுக்கு முதுகில் 13, அடித்துடுப்பில் 2, வால் பக்க அடியில் 3 என்று 18 விஷமுள். இறக்கை மாதிரி விரிந்திருக்கும் பக்கத் துடுப்பில் விஷம் இல்லை, ஆனால் அதைப் பார்க்கும் கண் முதுகைப் பார்க்கத் தவறிவிடுகிறது. "சாதுவான மீன்" என்று சொல்லி விற்கும் மஞ்சள் ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் விஷமுள் உண்டு. நம் கடற்கரையில் ஓரா என்று சொல்வோமே, அதன் குடும்பம்தான். சந்தையில் ஓராவை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரியும். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு உருண்டையாகக் கூட்டம் கூடி நீந்தும் குட்டிக் கெளுத்திகளும் அப்படித்தான். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று ரம்பப் பல் வைத்த மூன்று முள், வளர்ந்தால் ஒரு அடி நீளம். அழகாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

இவை எதுவும் இல்லை என்றால்:

பஞ்சு நார் மாதிரி மெல்லிய வெள்ளை முட்கள் தோலில் நிற்கின்றனவா? பாறையைத் தூக்கும்போது பிரிஸ்டில் புழு பட்டிருக்கிறது. தேய்க்காதீர்கள், செலோ டேப்பை ஒட்டி உரியுங்கள், இரண்டு மூன்று தடவை.

கையில் பிளேடால் கீறியது மாதிரி நீளமான வெட்டா? டாங் மீனுக்கு வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தி போன்ற முள் பட்டிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ரத்தம் நிற்க அழுத்திப் பிடியுங்கள். ஆழமாக இருந்தால் தையல் போட வேண்டும்.

பாறையில் பட்டன் மாதிரி ஒட்டியிருக்கும் பாலித்தோவா என்ற பவள வகை உயிரைத் தொட்டீர்களா? அதில் இருக்கும் பாலிடாக்ஸின் மிகக் கடுமையான விஷம். கண்ணைத் தேய்க்காதீர்கள், கையைக் கழுவுங்கள். வாய் கசந்து, தசை வலித்து, மூச்சு இரைத்தால் உடனே மருத்துவமனை. அந்தப் பாறையைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று அடுப்பில் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

## கை விடும்போதெல்லாம் லயன் முதுகைக் காட்டி வருகிறது

தலையைத் தாழ்த்தி, முதுகு முள்ளை உங்கள் பக்கம் சாய்த்து நிற்கிறது என்றால் "இதுக்கு மேல வராதே" என்று சொல்கிறது. அந்த முள் ஊசி போல விஷத்தைப் பீய்ச்சுவதில்லை, நாம் அழுத்தும்போதுதான் அதன் உறை பின்னுக்குப் போய் விஷம் இறங்குகிறது. அதனால் கையை வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக வெளியே எடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

காரணங்களில் எளிதானது, உங்கள் கையைச் சாப்பாடு என்று நினைப்பது. கையால் தீனி போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, 60 சென்டிமீட்டர் நீள இடுக்கியில் இறால் துண்டை வைத்துக் கொடுங்கள். தொட்டியில் வேலை இருக்கும் நாளில் முதலில் தீனி போட்டு வயிறு நிரம்பிய பிறகு கை விடுங்கள்.

அடுத்தது, ஒதுங்க இடம் இல்லாதது. கண்ணாடியைத் துடைக்கும்போது மீனை மூலையில் அடைத்துவிடுகிறோம். எப்போதும் மீன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பியுங்கள், அது நகர வழி விடுங்கள். காந்த ஸ்கிரேப்பர் வாங்கிவிட்டால் பாதி வேலைக்குக் கையே விட வேண்டாம். அக்ரிலிக் ஷீட் ஒன்றைத் தொட்டி அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் வரை நடுவில் செருகி லயனை ஒரு பக்கம் ஒதுக்கலாம், நான் எல்லா லயன் தொட்டியிலும் இதைத்தான் செய்கிறேன். மெல்லிய நைட்ரைல் கையுறையை நம்பாதீர்கள், முள் அதை அப்பளம் மாதிரி துளைத்துவிடும்.

செலவான காரணம், தொட்டி சிறியது. முழு வளர்ச்சி அடைந்த வாலிடன்ஸ் லயன் ஒரு அடிக்கு மேல் போகும், 450 லிட்டருக்குக் கீழே வைத்தால் உங்கள் கைக்கும் அதற்கும் எப்போதும் மோதல்தான். பெரிய தொட்டிக்கு வழியில்லையென்றால் ட்வார்ஃப் லயன் வகைக்கு மாறுங்கள். அதற்கும் விஷம் உண்டு, ஆனால் இடமாவது போதும்.

## புது மீனைப் பழைய மீன் துரத்துகிறது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். விட்ட முதல் நாள் துரத்துவது, இடையிடையே நிறுத்துவது, புது மீன் தீனி எடுப்பது, இவ்வளவுதான் என்றால் கை வைக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கும். புது மீன் தண்ணீர் மட்டத்தில் மூலையில் ஒட்டிக்கொண்டு, அல்லது பவர்ஹெட்டுக்கு (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) பின்னால் செருகிக்கொண்டு, செவுள் படபடக்க, பக்கவாட்டில் செதில் உரிந்து நின்றால் அது அன்றைக்கே பிரிக்க வேண்டிய விஷயம். "நாளைக்குப் பாக்கலாம்" என்று விட்ட மீன்கள் காலையில் இருந்ததில்லை.

### விளக்கை அணைத்துப் பாருங்கள்

செலவில்லாத வழி. தொட்டி விளக்கை ஒரு நாள் முழுக்க அணையுங்கள், பழைய மீன்களுக்கு வயிறு நிரம்பத் தீனி போடுங்கள். இனிமேல் எந்த மீன் விட்டாலும் விளக்கு அணைத்த பிறகு விடுங்கள்.

### பாறையை மாற்றி அடுக்குங்கள்

டேம்செல், டாட்டிபேக், சிக்ஸ்லைன் ராஸ் போன்ற சின்ன மீன்கள் எல்லாம் தண்ணீருக்காகச் சண்டை போடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட பொந்துக்காகப் போடுகின்றன. பாறையைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினால் பழைய மீனுக்கும் அது புது வீடு, எல்லோரும் முதலிலிருந்து இடம் பிடிக்க வேண்டும். பொந்துகளுக்கு இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் இருக்கும் பொந்தில் துரத்தப்பட்ட மீன் மாட்டிக்கொண்டு அடி வாங்கும்.

### கண்ணாடி

ஒரு டாங் மீன் இன்னொரு டாங்கைத் துரத்தினால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே ஒரு பக்கச் சுவரில் ஒட்டுங்கள். அடிக்கும் மீன் தன் உருவத்தோடு மல்லுக்கட்டும், புதியது அதற்குள் சாப்பிட்டுத் தேறும். நாளுக்குச் சில மணி நேரம் போதும்.

### டப்பா

எனக்கு அதிகம் கைகொடுத்த வழி இது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் சோல்டரிங் அயர்னால் நிறையத் துளை போட்டு, ஓரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, நன்றாகக் கழுவி, தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். புது மீனை அதற்குள் ஐந்து முதல் ஏழு நாள் வைத்து, அங்கேயே தீனி போடுங்கள். பழைய மீன் முதல் நாள் டப்பாவை முட்டும், மூன்றாம் நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும், பிறகு திரும்பிக்கூடப் பார்க்காது. அப்போது திறந்துவிடுங்கள். ஏழு நாளுக்குப் பிறகும் முட்டிக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் ஒத்துவராது.

### அடிக்கும் மீனை வெளியே எடுங்கள்

புதியதை அல்ல, அடிப்பதை. சம்பிலோ (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) வேறு தொட்டியிலோ இரண்டு வாரம் வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், இப்போது அதுதான் புது ஆள். பிடிப்பதுதான் பாடு. ஒரு நாலடி தொட்டியில் ஒற்றை டோமினோ டேம்செல், கட்டைவிரல் நீளம்கூட இல்லை, தன்னைவிட மூன்று மடங்கு பெரிய ஏஞ்சல் மீனின் வால் துடுப்பைக் காம்பு வரை கடித்து வைத்திருந்தது. வலையைப் பார்த்ததும் பாறைக்குள் போய்விடும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, அடியில் இறால் துணுக்கு போட்டு, அந்த மீன் சுற்றும் இடத்திலேயே சாய்த்து வைத்தோம். காலையில் போட்டது, மதியம் மாட்டியது.

டோமினோ, மூன்று பட்டை டேம்செல் இரண்டையும் தொட்டி சைக்கிள் பண்ணவென்று (அதாவது, அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைப் புதுத் தொட்டியில் வளர்க்க) கடைகளில் விலை குறைவாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். முதலில் போன மீன் தொட்டி முழுக்கத் தன்னது என்று நினைக்கும், பிறகு அதைப் பிடிக்க நீங்கள் மொத்தப் பாறையையும் வெளியே எடுக்க வேண்டிவரும். மீனே இல்லாமல் அமோனியா ஊற்றி சைக்கிள் பண்ணுங்கள், சாதுவானதை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில் விடுங்கள்.

## துடுப்பு கிழிந்திருக்கிறது, யார் செய்தது என்று தெரியவில்லை

கடியா நோயா என்று முதலில் பிரியுங்கள். அரைவட்டமாகவோ நேராகவோ சுத்தமாக வெட்டினாற்போல் இருந்தால் கடி. ஓரம் வெளுத்து, பிசுபிசுத்து, நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டு போனால் துடுப்பு அழுகல். உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி இருந்தால் இந்தத் தலைப்பையே விட்டுவிட்டு நோய்க்கு வைத்தியம் பாருங்கள்.

அடுத்து அமோனியா, உப்பளவு, வெப்பம் மூன்றையும் அளந்துவிடுங்கள். அமோனியா பூஜ்யம், உப்பளவு ஒப்படர்த்திக் கணக்கில் 1.025 அருகில், வெப்பம் 25, 26 டிகிரி. சித்திரை வெயிலில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) நின்று 30-ஐத் தாண்டிய தொட்டியில் சாதுவான மீனும் எரிச்சல்படும், தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைந்துபோகும்.

கடிதான் என்றால் தொட்டிக்கு எதிரில் அசையாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். ராத்திரி டார்ச்சில் சிவப்பு செலோபேன் தாள் சுற்றிப் பாருங்கள். லயனின் நீளத் துடுப்பைக் கடிப்பது பெரும்பாலும் ட்ரிகர் மீனும் பஃபர் மீனும். இந்தச் சேர்க்கைக்கு எந்தத் தந்திரமும் பலிக்காது, ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

## நேற்று இருந்த மீன் இன்று இல்லை

ராஸ் வகையா? மணலுக்குள் புதைந்து தூங்கும், சில நாள் வெளியே வராமலும் இருக்கும். மணலைக் கிளறாதீர்கள்.

மற்றதென்றால் தொட்டிக்குப் பின்னால் தரையில், ஓவர்ஃப்ளோ பெட்டியில், ஃபில்டர் பையில் பாருங்கள். துரத்தப்பட்ட மீன் குதிக்கும், மூடியோ வலையோ கட்டாயம் வேண்டும். அங்கேயும் இல்லை, லயனின் வயிறு பந்து மாதிரி இருக்கிறது என்றால் தேடலை நிறுத்தலாம். லயனுக்குக் கோபமோ பகையோ கிடையாது, வாயில் நுழைவது எல்லாம் அதற்குச் சாப்பாடு, ஒன்றரை வருஷம் பக்கத்தில் நீந்திய க்ளவுன் மீன் உட்பட. ராத்திரி "டக்" "டக்" என்று சத்தம் கேட்டுக்கொண்டு வாரத்துக்கு ஒரு மீன் காணாமல் போனால் பாறைக்குள் மான்டிஸ் இறால் இருக்கலாம். அந்தப் பாறைக்குள் விரலை விடாதீர்கள், பாறையோடு எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஒற்றுமையாக இருந்த க்ளவுன் ஜோடி முரட்டுத்தனம் காட்டுகிறது

சின்னது உடம்பை வெடவெடவென்று உதறுகிறதா? அது பணிந்து போகும் பழக்கம், சண்டை இல்லை. உங்கள் கையைக் கடிக்கிறதா? பாறையில் ஆரஞ்சு நிற முட்டை இருக்கிறதா பாருங்கள், ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும், அதுவரை அந்த மூலையை விட்டுவிடுங்கள். அதன் கடியில் விஷம் கிடையாது. இரண்டும் ஒரே அளவு, வாயோடு வாய் கவ்வி இழுக்கின்றன என்றால் பெரும்பாலும் இரண்டும் பெண். க்ளவுனில் ஆண் பெண்ணாக மாறும், பெண் திரும்ப ஆணாக மாறாது, அதனால் பிரிப்பது ஒன்றே வழி.

## லயனையோ ஃபாக்ஸ்ஃபேஸையோ வெளியே எடுக்க வேண்டும்

வலை வேண்டாம். முள் வலையில் சிக்கும், சிக்கெடுக்கப் போய்த்தான் பாதிப் பேருக்குக் குத்துகிறது. கெட்டியான பெரிய டப்பாவைச் சாய்த்துப் பிடித்து, இன்னொருவர் குச்சியால் மெல்ல ஓட்ட, தண்ணீரோடு மொண்டு எடுங்கள். பாலித்தீன் பையில் போடாதீர்கள், மூடியுள்ள வாளியில் கொண்டு போங்கள். இரண்டு பேர் இல்லையென்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், இது தனியாகச் செய்யும் வேலை இல்லை.

வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், வேறு தொட்டிக்காரரிடம் கொடுங்கள், கடலில் மட்டும் விடாதீர்கள். 1985-ல் ஃப்ளோரிடா பக்கம் முதலில் தென்பட்ட லயன் இன்று கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள குட்டி மீன்களைத் தின்று தீர்க்கிறது, தொட்டியிலிருந்து விடப்பட்டவைதான் தொடக்கம் என்று கருதுகிறார்கள். மன்னார் வளைகுடாவில் லயன் இயற்கையாகவே உண்டு என்றாலும், தொட்டி மீன் நோயையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

லயன் செத்துக் கிடந்தாலும் கையால் தொடாதீர்கள், செத்த பிறகும் முள்ளில் விஷம் இருக்கும். இடுக்கியால் எடுத்து, கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, சுற்றி டேப் ஒட்டி, மேலே "விஷமுள்" என்று பெரிதாக எழுதுங்கள். தெருக் குப்பைத்தொட்டியில் வீசாமல், காலையில் குப்பை எடுக்க வரும் அக்காவிடம் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லியே கொடுங்கள்.